மூன்றாம் பாடத்தில் ஒரு சாய்கோடு

"ஒருவருடைய பெயருக்கு நடுவில் எதற்குச் சாய்கோடு?"

கலாதேவியிடம் இப்படிக் கேட்டவர் உலகத்தின் வேறொரு மூலையில் இருந்தார். அவளுக்கு அப்போது பதில் தெரியவில்லை. என்னிடம் கேட்டிருந்தாலும் நானும் விழித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன். என் பெயரிலும் அந்தக் கோடு இருக்கிறது. ஐசி என்கிற அடையாள அட்டையை எடுத்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஏன் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கலாதேவி சுங்கை சிப்புட்டில் இருக்கிறாள். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. செம்மோர் பக்கம் சுண்ணாம்பு மலையைக் குடைந்து கல் எடுக்கிற ஒரு குவாரியில் அவளுக்கு எடைமேடை வேலை. உள்ளே வருகிற லாரி வெறும் வண்டியாக ஒருமுறை மேடையில் ஏறும். கல் ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது இன்னொரு முறை ஏறும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து டிக்கெட் அடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மேடையை ஒட்டி ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், டிக்கெட் அடிக்கிற பிரிண்டர். வெளியே எந்நேரமும் வெள்ளைப் புழுதி. அந்த அறையில் இரண்டாவது நாற்காலி கிடையாது, போடவும் இடமில்லை. டிரைவர்கள் கண்ணாடியில் இருக்கும் சின்ன திறப்புக்குள் கையை விட்டு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பல நாட்களில் அவள் பார்க்கிற மனிதர்கள் முழங்கை வரைக்கும்தான்.

வீட்டிலும் அதே கதை. ரப்பர் தோட்டத்தைச் செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாற்றி, தோட்டத்து வீடுகளை இடித்தபோது கிடைத்த மலிவு விலை வீடு அது. அப்பா உடையப்பனும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். பிறகு அவளும் தம்பி தனேஷும் இருந்தார்கள். பிறகு அவள் மட்டும் இருந்தாள்.

தனேஷ் எப்படிப் போனான் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அவன் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். வீட்டில் சும்மா இருந்தபோது கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதப் படிக்கலாம் என்று அவனுக்கு ஓர் ஆசை வந்தது. ஈப்போவுக்குப் போய்ப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். யாரோ ஹெரான் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். ஹெரான் என்பது கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு ஆக்கிய மொழிகளில் ஒன்று. கணக்குப் பார்க்கவும் அதில் எழுதலாம், விளையாட்டு செய்யவும் எழுதலாம், இணையப் பக்கம் செய்யவும் எழுதலாம். இன்னதற்கு மட்டும்தான் என்று கிடையாது. எந்தக் கம்பெனிக்கும் அது சொந்தமில்லை. பல நாடுகளில் இருப்பவர்கள் சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் சேர்ந்து செய்து வைத்தது. புதிதாக வருகிறவர்களுக்கென்று தொடக்கப் பாடங்களையும் அவர்களே எழுதி இணையத்தில் போட்டிருந்தார்கள்.

முதல் பாடம் அவனுக்கு நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கூட்டல் கழித்தல் எல்லாம் போட்டு, "அக்கா, இங்க பாரு" என்று ஒவ்வொன்றுக்கும் அவளைக் கூப்பிட்டான். மூன்றாம் பாடம் இப்படித் தொடங்கியது: உங்கள் முழுப்பெயரைத் தட்டுங்கள், நிரல் அந்தப் பெயரிலேயே ஒரு கோப்பை உருவாக்கி அதில் உங்களுக்கு ஒரு வணக்கம் எழுதும். எடுத்துக்காட்டுக்கு மரியா கெல்லர் என்று ஒரு பெண்ணின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

முழுப்பெயர் என்று கேட்டால் நம் ஆட்களுக்குக் கை தானாக எழுதும். பள்ளிக்கூடம், பேங்க், கிளினிக் எல்லா இடத்திலும் ஐசியில் உள்ளபடி என்று கேட்டுக் கேட்டுப் பழக்கி வைத்திருக்கிறார்கள். பையன் என்றால் தன் பெயர், பிறகு ஏ/எல், பிறகு அப்பா பெயர். பெண் என்றால் ஏ/பி. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதற்கு மலாயில் உள்ள சொற்களின் முதல் எழுத்துகள் அவை. தனேஷும் அப்படித்தான் தட்டினான். தனேஷ் ஏ/எல் உடையப்பன்.

சிவப்பில் ஒரு வரி வந்தது. அப்படி ஓர் இடம் இல்லை என்று சொன்னது.

"அக்கா, எந்த இடம் இல்லையாம்? நான் எங்க போறேன்னு சொன்னேன்?"

"நல்லா பாத்து அடிடா. எழுத்து எதாச்சும் விட்டிருப்ப."

அவன் திரும்ப அடித்தான். திரும்பவும் சிவப்பு. அப்புறம் அவன் செய்ததைக் கலாதேவி மறக்கவே இல்லை. பர்ஸிலிருந்து ஐசியை எடுத்து மடிக்கணினிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அடித்தான். எவ்வளவு கவனமாக அடித்தானோ அவ்வளவு உறுதியாகச் சிவப்பு வந்தது.

"அவங்க எழுதி வச்சதுல தப்பு இருக்குமா, அக்கா?"

"உலகமே பாத்துப் படிக்குது. அதுல எப்படிடா தப்பு இருக்கும்?"

அவள் மனதார நம்பித்தான் அதைச் சொன்னாள். அவனும் நம்பினான். இரண்டு மூன்று நாள் அதையே கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ஒரு சாயங்காலம் மடிக்கணினியை மூடினான்.

"கம்ப்யூட்டருக்கு என் பேரே பிடிக்கல லா. இது நமக்கு ஆவாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அடுத்த மாதம் கூட்டாளி தேவனோடு ஜொகூருக்குக் கிளம்பினான். அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரலாம் என்று ஏற்பாடு. ஆரம்பத்தில் அடிக்கடி போன் செய்தான். பிறகு பெருநாள் சமயங்களில் செய்தான். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று மலாயில் ஒரு பெண்குரல் சொல்லத் தொடங்கியது. ஊருக்குத் திரும்பி வந்த தேவனிடம் கேட்டபோது, தனேஷ் வேறு கம்பெனிக்கு மாறிப்போய்விட்டான், புது எண் தன்னிடமும் இல்லை என்றான். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் யாராவது போய்ச் சமாதானம் பேசலாம். இதில் சண்டையே இல்லை. பேச்சு தேய்ந்து தேய்ந்து நின்றுபோயிருந்தது.

மடிக்கணினி மட்டும் வீட்டில் கிடந்தது. ஒருநாள் கலாதேவி அதைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி அறையில் என்னதான் செய்வது? தம்பி விட்ட பாடத்தையே திறந்தாள். முதல் பாடம் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் தன் முழுப்பெயரைத் தட்டினாள்.

சிவப்பு.

"ரெண்டு பேருக்கும் ஒரே மண்டைதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்க யாருமில்லை.

குவாரிக்கு வருகிற டிரைவர்களில் அந்தத் திறப்புக்கு முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசுகிற ஒரே ஆள் முகம்மது கௌஸ். பாகான் டத்தோ பக்கம் நடந்துகொண்டிருந்த சாலை வேலைக்குக் கல் ஏற்றிப் போகிறவர். ஒருநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் மலையில் வேலை நிற்கும், லாரிகளும் நிற்கும். கௌஸ் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்து அறை வாசலில் ஒதுங்கினார்.

"என்னா கலா, இன்னிக்கும் அதோட சண்டையா?"

"ஆமாண்ணே. அதுவே பேரு கேக்குது. குடுத்தா வேணாங்குது."

"பேரு கேட்டுட்டு வேணாங்குதா? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரில்ல இருக்கு."

"அண்ணே, வெளிய மழ நல்லா பெய்யுது. அனுப்பிருவேன்."

"சரி சரி, கோவிச்சுக்காத. தள்ளு, நான் அடிச்சுப் பாக்குறேன். எனக்கு ராசியான கை."

அவர் வாசலில் நின்றபடியே உள்ளே வளைந்து ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். முகம்மது கௌஸ் பின் ஷேக் அலாவுதீன். சிவப்பு வரவில்லை. அந்தப் பெயரில் ஒரு கோப்பு வந்து நின்றது. திறந்தால் உள்ளே வணக்கம் இருந்தது.

"பாத்தியா! மெஷினுக்கு ஆள் தெரியுது."

கலாதேவிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அவருடைய பெயரைத் தானே ஒருமுறை அடித்தாள். வந்தது. தன் பெயரை அடித்தாள். சிவப்பு. இரண்டு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துப் பார்த்தாள். நீளம் காரணமாக இருக்காது, அவர் பெயர்தான் நீளம். இடைவெளி காரணமாக இருக்காது, இரண்டிலும் இருக்கிறது. அவருக்கு, மகன் என்பதற்கு, 'பின்'. அவளுக்கு ஏ, கோடு, பி.

கோட்டை எடுத்துவிட்டு அடித்தாள். கோப்பு வந்தது.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டருக்குச் சாய்கோடு என்றால் பெட்டிக்குள் தாளை வைப்பது மாதிரி. கோட்டுக்கு முன்னால் இருப்பது பெட்டியின் பெயர், பின்னால் இருப்பது தாளின் பெயர். அவள் பெயரைப் பார்த்த கம்ப்யூட்டர், 'கலாதேவி ஏ' என்ற பெட்டிக்குள் 'பி உடையப்பன்' என்ற தாளை வைக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு பெட்டி எங்கே இருக்கிறது? இல்லை என்று சொல்லிவிட்டது. மரியா கெல்லருக்கு அந்தச் சிக்கல் வராது. கௌஸுக்கும் வராது.

"என்னா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?"

"என் தம்பி ஐசிய பக்கத்துல வச்சு, பாத்துப் பாத்து அடிச்சாண்ணே."

கௌஸுக்கு அது விளங்கவில்லை. மழை விட்டதும் "தாக்காப்பா, பரவால்ல, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு அவள் தனேஷின் பழைய எண்ணுக்கு அடித்தாள். அதே பெண்குரல்தான். உன்மேல் தப்பில்லை என்று ஒரு செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தாள். இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தாலும் அவன் நம்புவானா? அக்கா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பான். தப்பு பாடத்தில்தான் இருந்தது என்று அந்தப் பாடமே சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் மாற வேண்டும். மாறிய பக்கத்தை அவன் கண்ணில் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஹெரான் பாடங்களில் குறை இருந்தால் எழுதச் சொல்லி ஓர் இடம் இருந்தது. அங்கே கலாதேவி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள். தம்பி, தொழிற்சாலை, ஐசி, மழை, கௌஸ் அண்ணன் எல்லாரும் அதில் வந்துவிட்டார்கள். உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது. எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள் என்று கேட்டது. அவள் அத்தனைக்கும் பதில் எழுதினாள். சில நாள் கழித்து, பாடங்களைக் கவனித்துக்கொள்ளும் இங்க்ரிட் என்ற பெண் எழுதினார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஒருவருடைய பெயருக்கு நடுவில் எதற்குச் சாய்கோடு? உங்கள் சாதாரணப் பெயரைப் போட்டுப் பார்த்தீர்களா? இது பாடத்தின் பிழையாகத் தெரியவில்லை. இப்படிக் கேட்டுவிட்டு அந்தக் குறையை முடிந்துபோனது என்று மூடிவிட்டார்.

சாதாரணப் பெயர் என்ற சொல்லைக் கலாதேவி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருப்பது ஒரே பெயர்தான்.

கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். ஈப்போ ஆபீஸில் கணக்குப் பார்க்கும் மங்களத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"அக்கா, நம்ம பேருல ஏன் கோடு போடுறாங்க?"

"ஏன், உனக்கு என்னா சொசா, என்னா கஷ்டம் இப்ப?"

"சும்மா கேக்குறேன்."

"வச்சவன் வச்சான், நம்ம எழுதுறோம். இதெல்லாம் போய் யாராச்சும் கேப்பாங்களா? அந்த மூணாம் நம்பர் லாரி டிக்கெட் வந்துருச்சா, அத சொல்லு."

கௌஸிடமும் கேட்டாள்.

"எங்களுக்கு பின். சீனவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு மட்டும் கோடு" என்று விரலை மடக்கி எண்ணினார். "யாரு போட்டாங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் லாரியோட இந்த எடை திம்பாங்குல ஏறி எறங்குற ஆளு."

யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவள் இப்படி எழுதினாள்: "ஏன் என்று எனக்குத் தெரியாது. இங்கே கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. ஆனால் என் அடையாள அட்டையில் அது இருக்கிறது. என் தம்பியின் அட்டையிலும் இருக்கிறது. உங்கள் பாடம் முழுப்பெயரைக் கேட்டது. இதுதான் என் முழுப்பெயர்."

பதில் இல்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். அவள் எழுதியதுதான் கடைசி வரியாக நின்றுகொண்டிருக்கும். பூட்டிய கடையின் கதவைத் தட்டிவிட்டு நிற்பது மாதிரி இருந்தது. போகலாமா, இன்னும் கொஞ்சம் நிற்கலாமா என்று தெரியாது. எழுதியதில் ஆங்கிலம் தப்போ, கோபமாகத் தெரிந்துவிட்டதோ என்று திரும்பத் திரும்பப் படித்தாள். படித்துக் காட்டி அபிப்பிராயம் கேட்கவும் ஆளில்லை. முன்பு என்றால் சாப்பாட்டு மேசையில் தனேஷ் இருந்திருப்பான்.

அவள் பார்க்காமலே விட்ட ஒரு நாளில் பதில் வந்திருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போயிருந்ததாகவும், அதனால்தான் தாமதம் என்றும் இங்க்ரிட் எழுதியிருந்தார். "நீங்கள் சொன்னதை வழியில் யோசித்துக்கொண்டே போனேன். முழுப்பெயரைக் கேட்டுவிட்டு அதைச் சாதாரணமில்லை என்று சொன்னது என் தவறு. பாடத்தை மாற்றலாம். நாங்கள் சிலபேர்தான் இருக்கிறோம், எல்லாருக்கும் வேறு வேலை. நீங்களே ஒரு வரைவு எழுதித் தருவீர்களா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எழுதுவது என்றால் என்ன எழுதுவது?

முதலில் சுலபமான வழியாகத்தான் பார்த்தாள். பாடத்தின் மேலேயே ஓர் எச்சரிக்கை: உங்கள் பெயரில் சாய்கோடு இருந்தால் அதை நீக்கிவிட்டுத் தட்டவும். எழுதிவிட்டு, தனேஷ் அதைப் படிப்பதாக நினைத்துப் பார்த்தாள். ஐசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பான். உன் பெயரில் இருப்பதை நீக்கு என்று முதல் வரியே சொல்லும். அவள் அதை அழித்துவிட்டாள்.

அடுத்து, கோடு வந்தால் நிரலே அதை வேறு குறியாக மாற்றிக்கொள்ளும்படி எழுதினாள். அதைக் கற்றுக்கொள்ளவே அவளுக்குப் பல வாரம் ஆனது. பெருமையாக அனுப்பினாள். இங்க்ரிட் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்றாம் பாடம் படிக்கிறவருக்கு இதில் பாதி புரியாது, அதெல்லாம் எட்டாம் பாடத்தில்தான் வருகிறது என்றார். அதுவும் உண்மைதான். தான் கற்றுக்கொண்டதைக் காட்டும் ஆசையில், படிக்கிறவன் மூன்றாம் பாடத்தில் இருக்கிறான் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

வழி கிடைத்தது வேலையில்தான். ஒரு காலை, டிக்கெட் ஒன்று சரியாக அடிபடவில்லை என்று டிரைவர் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கித் திரும்ப அடிக்கும்போது கலாதேவியின் கை நின்றது. டிக்கெட்டுக்கு எண்தான் பெயர். டிரைவர் பெயர் தாளின் உள்ளே ஒரு வரியில் இருக்கிறது. அங்கே ஏ/எல் இருந்தாலும் சரி, பின் இருந்தாலும் சரி, டிக்கெட் கவலைப்படுவதில்லை. குவாரியில் ஒருநாளும் எந்த டிரைவருடைய பெயராலும் டிக்கெட் நின்றுபோனதில்லை. கோப்பின் பெயர் 'வணக்கம்' என்று இருக்கட்டும். ஆளின் பெயர் கோப்புக்குள் இருக்கட்டும். உள்ளே என்ன எழுதினாலும் கம்ப்யூட்டர் அப்படியே வைத்துக்கொள்ளும்.

மாற்ற வேண்டியது இரண்டே வரி. அனுப்பினாள். இங்க்ரிட் சிரித்த முகம் ஒன்றைப் போட்டு, இது பிடித்திருக்கிறது, ஆனால் நான்காம் பாடம் அந்தப் பெயருள்ள கோப்பைத் தேடித் திறக்கிறதே, அது இப்போது உடைந்துபோகும் என்றார். ஆக நான்காம் பாடத்தையும் எழுத வேண்டியதாயிற்று. தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைத்தான் எழுதினாள். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்திக் கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டில் முறுக்கும் நெய்யுருண்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பெருநாள் அன்னிக்குமா வேல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இடையில் முன்பின் தெரியாத ஒருவர் அந்தக் குறைப் பக்கத்துக்குள் வந்து, கொஞ்சப் பேருக்கு மட்டும் வருகிற சிக்கலுக்காக இரண்டு பாடத்தை மாற்ற வேண்டுமா, இதுவரை வேறு யாரும் குறை சொல்லவில்லையே என்று கேட்டார். கலாதேவி அதற்கும் பதில் எழுதினாள். "மூன்றாம் பாடத்தில் நின்றுபோனவர் உங்களுக்கு எழுதமாட்டார். தனக்கு அறிவில்லை என்று நினைத்துக்கொண்டு மூடிவிட்டுப் போய்விடுவார். என் தம்பி அப்படித்தான் போனான்." அந்த ஆள் மறுபடி எழுதவில்லை. இங்க்ரிட்தான் எழுதினார். ஒரே ஒரு வேலை பாக்கி என்றார். எடுத்துக்காட்டில் இன்னும் மரியா கெல்லர் இருக்கிறார். கோடு உள்ள ஒரு பெயரை வைத்தால் படிக்கிறவர்களுக்குத் தெளிவாக இருக்கும். நீங்களே ஒரு பெயர் கொடுங்கள்.

கலாதேவி யோசிக்கவில்லை. தனேஷ் ஏ/எல் உடையப்பன் என்று அடித்தாள். இந்த முறை ஐசியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பக்கம் மாறியது ஒரு வேலை நாளில். அவள் எடைமேடை அறையில்தான் இருந்தாள். மூன்றாம் பாடத்தைத் திறந்தாள். அங்கே தம்பியின் பெயர் கோடு குலையாமல் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு சிறு குறிப்பு. "பெயரில் எந்தக் குறி வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் பெயரைக் கோப்புக்கு வெளியே வைக்காமல் உள்ளே வைக்கிறோம். இந்தப் பாடத்தின் பழைய வடிவம் சிலருடைய பெயரை ஏற்காமல் நின்றது. தவறு பாடத்தினுடையது." கடைசி வரியை அவள் எழுதவில்லை. இங்க்ரிட் சேர்த்திருந்தார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. திறப்புக்குள் ஒரு கை வந்தது. டிக்கெட்டைக் கொடுத்தாள். கை போய்விட்டது. கௌஸ் இப்போது லாரி ஓட்டுவதில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில் மனைவி மெஹர்பானுவோடு சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார். அவருக்குப் போன் அடித்தாள். கரண்டிச் சத்தமும் ஆள் சத்தமும் கேட்டன.

"யாரு, கலாவா? சொல்லும்மா."

"அண்ணே, அந்தப் பாடத்த மாத்திட்டாங்க!"

"எந்தப் படம்? ஒண்ணும் கேக்கல, கூட்டமா இருக்கு. அப்புறம் அடிக்கிறியா?"

"சரிண்ணே, அப்புறம் அடிக்கிறேன்."

பிறகு தனேஷின் எண்ணுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பினாள். வேறு ஒன்றும் எழுதவில்லை. ஒற்றை டிக் விழுந்தது. வெளியே அடுத்த லாரி ஹாரன் அடித்தது. அவள் எடையைப் பார்க்கத் திரும்பினாள்.

அந்த டிக் இன்றுவரை இரண்டாகவில்லை.

நான் ஹெரான் படித்தது பாடம் மாறிய பிறகுதான். என் பெயரில் உள்ள கோடு எங்கேயும் இடிக்கவில்லை. எங்கேயோ செய்த பாடத்தில் நம் ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்று விசாரித்துக்கொண்டு போனபோதுதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. என்னைப் போல எத்தனையோ பேர் மூன்றாம் பாடத்தைத் தாண்டிப் போகிறோம். அதில் பெயர் உள்ளவன் மட்டும் அதை இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே இதைப் படித்தவர்கள் இத்தோடு விட்டுவிடாதீர்கள். ஜொகூர் பக்கமோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிற உங்கள் சொந்தக்காரர்களிடம், கூட்டாளிகளிடம் இதைச் சொல்லுங்கள். அவர்கள் தங்களோடு அறையில் தங்கியிருப்பவர்களிடம் சொல்லட்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து போன தனேஷ் என்று யாராவது இருந்தால், தப்பு அவன் பெயரில் இல்லை, அவன் தலையிலும் இல்லை, பாடத்தைத் திருத்தியாகிவிட்டது என்று சொல்லுங்கள். அக்கா அதே எண்ணில்தான் இருக்கிறாள் என்றும் சொல்லுங்கள்.